பெரியம்மா அழவில்லை

என் கதையில் பெரியம்மா அழுதாள். அந்த ஒரு இடத்துக்காக அவள் என்னைக் கண்மாய்க் கரையில் வைத்து, நூறு நாள் வேலைக்கு வந்திருந்த அத்தனை பெண்களின் முன்னாலும் கிழித்தாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் வந்த சந்தோஷம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ். யார் பேருக்குப் பின்னால் என்ன பட்டம் வரவேண்டும், யார் பேர் யார் பேருக்கு மேலே நிற்கவேண்டும் என்று பக்கத்தில் நின்றுகொண்டே சொல்லுவார்கள். நான் அடித்துக் கொடுப்பேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் கதை எழுதுவேன். முதலாளிக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார். படிக்கவும் மாட்டார்.

எங்கள் ஊர் இளையாத்தங்குடிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. பேர் வேண்டாம். பேர் எழுதினால், அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துகொள்வார்கள்.

கோடையில் எங்கள் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் கிடக்கும்போது மீன்பிடி நடக்கும். ஊரே ஊத்தாவோடு கரையில் வந்து நிற்கும். ஊத்தா என்றால் மேலும் கீழும் திறந்திருக்கிற மூங்கில் கூடை. அதைச் சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே மாட்டின மீனைத் துழாவிப் பிடிக்கவேண்டும். ஊர் அம்பலம், அதாவது கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற வீட்டுக்காரர், மேற்குக் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவர் வீசின பிறகுதான் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம். அந்த ‘யாரும்’ என்பதில் நாங்கள் கிடையாது. எங்கள் தெருக்காரர்கள் எதிரே கிழக்குக் கரையில் நிற்கவேண்டும். ஊர்க்காரர்கள் போதும் என்று பிடித்துக் கரையேறின பிறகு நாங்கள் இறங்கலாம். அப்போது விரால் இருக்காது. கெளுத்தி இருக்காது. கலங்கின சேறும் விரல் நீளக் கெண்டையும் இருக்கும்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு வருஷம் அந்த முறை உடைந்தது. நான் கிழக்குக் கரையில் ஒரு தகர டப்பாவோடு நின்றேன். திடீரென்று எல்லாரும் ஓடினார்கள். அந்தக் கரையிலிருந்து ஊர்க்காரர்கள் இறங்கின அதே நேரத்தில் இந்தக் கரையிலிருந்து எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். கண்மாய் கொதித்தது. அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்கு முழங்கை நீள விரால் வந்தது. வெயில் ஏறின பிறகு ஊர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் எங்கள் கரைக்கு வந்து, ‘எங்களோட சமமா எறங்குவீகளா’ என்று ஊத்தாக்களை மிதித்து நொறுக்கினார்கள். பெரியம்மாவின் ஊத்தாவும் போனது. அவள் கரையில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்த்தேன்.

இந்தத் தோளை வைத்துத்தான் முப்பது வருஷம் கழித்து ஒரு சிறுகதை எழுதினேன். பசி தாங்காமல் எங்கள் ஆட்கள் முறையை மீறி இறங்கிவிடுகிறார்கள். அடி விழுகிறது. ஒரு பெண் நொறுங்கின மூங்கில்மேல் கண்ணீர் விடுகிறாள். கடைசி வரியில் ஒரு பிடி சேற்றை அள்ளி இறுக்குகிறாள். அந்தச் சேறு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சென்னையில் ஒருவர் தெற்கு மாவட்டத்து தலித் சிறுகதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்புக் கதைகள் என்பது தொகுப்பின் பொருள். அனுப்பினேன். மறுநாளே போன் பண்ணினார். ‘அந்த அழுகைதாங்க கதை’ என்றார். நான் போனை வைத்துவிட்டு இரண்டு டீ குடித்தேன்.

புரூஃப் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நூறு நாள் வேலை அந்தக் கண்மாயிலேயே நடந்துகொண்டிருந்தது. பெண்கள் மண் அள்ளிவிட்டுக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் நின்றுகொண்டே சத்தமாக வாசித்தேன். நொறுங்கின ஊத்தா வந்தது. கண்ணீர் வந்தது. அந்த இடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

‘நிறுத்துடி’ என்றாள் பெரியம்மா. ‘அழுகுறது யாரு?’

‘நீதான் பெரியம்மா.’

‘நானா? நான் எப்ப அழுதேன்?’

‘மீன் பிடிச்ச அன்னிக்கு. ஊத்தாவ ஒடைச்சப்ப. முக்காட்டப் போட்டுக்கிட்டு நீ குலுங்கிக் குலுங்கி அழுதத நான் பாத்தேன்.’

பெரியம்மா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் பெரியம்மாவின் கூட்டாளி, எதிர்வீட்டுக்காரி. அவள் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘இந்தக் கூத்தப் பாரு, படிச்ச புள்ள கண்ணு’ என்றாள். நாலைந்து கிழவிகள் சிரித்தார்கள். இளவட்டப் பெண்களுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

‘சிரிச்சேன்டி’ என்றாள் பெரியம்மா. ‘சத்தம் வெளிய வந்தா அன்னிக்கே என்னைய சேத்துல பொதைச்சிருப்பானுக. அதான் முக்காடு. வகுறு வலிக்கச் சிரிச்சேன்.’

‘ஊத்தாவ ஒடைச்சதுக்கா சிரிச்ச?’

‘ஊத்தா கெடக்குது, மூங்கிலு. அன்னிக்கித் துண்டு வீசுனது யாருன்னு நெனைக்கிற?’

‘அம்பலம்.’

‘நான்.’

அவள் ஒரு மண்வெட்டியை எடுத்துத் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். இது மேற்குக் கரை, இது கிழக்குக் கரை. காலையில் மேற்குக் கரையில் நிற்கிறவர்களுக்குச் சூரியன் மூஞ்சிக்கு நேராக அடிக்கும். எதிர்க் கரையில் ஆள் தெரியாது, வெள்ளை தெரியும். அம்பலம் ஊர்க்காரர்களுக்குப் பின்னால், மேட்டில் நிற்பார். ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

‘எத்தன நேரந்தான் திரும்பிப் பாப்பானுக? விராலு துள்ளுறது முன்னாடியில்ல இருக்கு. எப்படா எப்படான்னு நிக்கிறவனுக்கு எங்கிட்டு வெள்ளை அசைஞ்சாலும் துண்டுதான். நான் கெழக்குக் கரையில, பூவரச மரத்துக்கு அங்குட்டு நின்னு ரெண்டு வீசு வீசுனேன். ஒருத்தன் ஓடுனான். அப்புறம் எல்லாரும் ஓடுனானுக. ஊரே நான் வீசுன துண்டுக்கு ஓடுச்சுடி.’

‘நம்ம ஆளுக?’

‘அவுக எறங்குனா நம்மளும் எறங்குறதுன்னு பொம்பளைக நாங்க முன்னாடியே பேசி வச்சிருந்தோம். ஆம்பளைககிட்டச் சொல்லல. சொன்னா பயந்துருவானுக.’

‘ஏது வெள்ளத் துண்டு?’

‘ஒங்க பெரியப்பாவோட கல்யாண வேட்டியில பாதி. மொத நா சாயங்காலமே அலசி நீலம் போட்டுக் காய வச்சேன். பளிச்சுன்னு தெரியணும்ல.’

நீலம் போட்டாளாம். நான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பசி தாங்காமல் மீறினார்கள் என்று எழுதியிருக்கிறேன். இவர்கள் முதல் நாளே திட்டம் போட்டு, துணி துவைத்து, நீலம் போட்டு, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஊர் ஏன் இதைக் கிளறவில்லை என்று கேட்டேன். கிளறினால் என்ன சொல்லவேண்டியிருக்கும் என்று எதிர்வீட்டுக்காரி திருப்பிக் கேட்டாள். எங்கள் தெருப் பொம்பளை காட்டின துணிக்கு ஊர் ஓடியது என்று எந்த வாயால் சொல்லுவார்கள்? அம்பலமே வீசினதாக வைத்துக்கொண்டார்கள். ஆத்திரத்தை ஊத்தாவில் காட்டினார்கள்.

‘இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?’ என்று நான் கத்தினேன்.

‘நீ கேட்டியா? நீ பாட்டுக்கு எழுதிட்ட’ என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். ‘அச்சுல ஏத்துறதுக்கு முன்னாடி மாத்திரு. நான் அழுத மாதிரி ஒரு பொஸ்தகம் இருக்கக் கூடாது. நான் செத்தப்புறம் அதத்தான நெசம்பாக.’

‘ஊருக்குத் தெரிஞ்சா?’

‘தெரியட்டும்னுதான சொல்றேன். எனக்கு அறுவத்தேழு வயசாச்சு. இன்னும் எப்பத் தெரியுறது?’

பஸ்ஸில் திரும்பும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல். எங்கள் கதைகள் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு அச்சு இருக்கிறது. அடி விழவேண்டும். அழவேண்டும். கடைசியில் ஒரு கையை இறுக்கவேண்டும். வாசிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘கொடுமை’ என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடவேண்டும். இந்த அச்சை யாரோ எங்கள்மேல் திணித்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நானே போய் அதில் பெரியம்மாவை ஊற்றியிருக்கிறேன். கூடப் பிறந்தவள் மகளாகிய நானே அவள் தோள் குலுங்கினதைப் பார்த்து, அழுகை என்று முடிவு கட்டியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் தந்திரம் பண்ணுவார்கள், சிரிப்பார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. இதைவிட மட்டமான கதாசிரியர் வேறு யார்?

இரண்டு மத்தியானத்தில் கதையைத் திரும்ப எழுதினேன். இவ்வளவு வேகமாக நான் எதையும் அடித்ததில்லை. சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. காதுகுத்துப் பத்திரிகைக்கு ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். ‘கொஞ்சம் இருங்க, மரத்துக்குப் பின்னாடி நிக்கிறா’ என்று சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார்.

தொகுப்பாளருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அவர் போன் பண்ண மூன்று நாள் ஆனது.

‘நல்லாருக்கு. ஆனா இது எதிர்ப்புக் கதையா?’ என்றார். ‘யாரும் யாரையும் எதிர்த்துப் பேசவே இல்லையே. நொறுங்குன ஊத்தாவப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு பொம்பள சிரிக்கிறா. காமெடியா போயிடுதுங்க. வாசகனுக்கு அந்த வலி வேணும்.’

‘வலி வேணும்னா அவரு பல் டாக்டர்கிட்டப் போகட்டும்.’

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்தான். எங்கள் ஆட்களின் கதைகளைப் புத்தகமாக்கக் கைக்காசு போடுகிறவர். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கெட்டவராக இருந்தால் கழற்றி விட்டிருப்பேன். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் காரைக்குடியில் ஒரு வாசிப்புக் கூட்டம் இருக்கிறது. மாற்றின கதையை அங்கே வாசியுங்கள், ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம், எடுபடாவிட்டால் பழையதே போகட்டும் என்றார். சரி என்றேன். பெரியம்மா அழுதாளா இல்லையா என்பதைக் கூட்டம் முடிவு பண்ணப்போகிறது. சொல்லும்போதே நாக்கு கசந்தது.

கூட்டம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பெரியம்மா எதிர்வீட்டுக்காரியோடு பஸ் ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ பின்னால் உட்காரச் சொன்னதற்கு, ‘காது சரியா கேக்காது’ என்றாள். அவளுக்குக் கேட்கிற காது இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடையாது.

நான் வாசித்தேன். நீலம் போட்ட இடத்தில் ஒரு பெண் ‘அட’ என்று சத்தமாகச் சொன்னாள். ஊர் ஓடின இடத்தில் மண்டபமே சிரித்தது. முக்காட்டுக்குள் சிரிக்கிற இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கதை அவர்களிடம் சேர்ந்துவிட்டது.

வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். எங்கள் ஊர்க்காரர். அன்றைய அம்பலத்தின் மகன். அம்பலம் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் அச்சகத்தில்தான் விசிட்டிங் கார்டு அடிப்பார். அங்கே ஒட்டியிருந்த கூட்ட நோட்டீஸில் என் பேரைப் பார்த்துவிட்டு வந்திருக்கவேண்டும்.

‘ஊரு பேரப் போடலன்னா தெரியாதுன்னு நெனச்சியா?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ‘அது எங்க ஊரு. அன்னிக்குத் துண்டு வீசுனது எங்க அப்பா. கூட்டத்துல நானும் நின்னேன். பொய் எழுதாத.’

தொகுப்பாளர் மைக்கைப் பிடுங்கினார். ‘ஐயா, இது கதைதான், கற்பனைதான், யாரையும் குறிப்பிட்டு...’ என்று ஆரம்பித்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. அழுதால் உண்மை, ஜெயித்தால் கற்பனையா? ‘கற்பனை இல்ல’ என்றேன். மைக் அவர் கையில் இருந்ததால் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

பெரியம்மா எழுந்தாள். மைக் கேட்கவில்லை. திரும்பி நின்று, ‘தம்பி, நல்லா இருக்கீகளா’ என்றாள்.

எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரும் அந்த வீட்டு ஆம்பளையைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டதில்லை. தொட்டிலில் கிடந்தாலும் ஐயாதான். அவர் முகம் மாறியது. ஆனால் மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது.

‘இருக்கேன்’ என்றார்.

‘அப்ப ஒங்களுக்கு இருவது வயசு இருக்குமா?’

‘இருக்கும். அதுக்கென்ன?’

‘நீலக் கலரு டவுசரு. பெரிய ஊத்தா. மொத ஆளா எறங்குனது நீங்கதான.’

‘ஆமா. நாந்தான் மொத ஆளு’ என்றார். குரலில் பெருமை இருந்தது.

‘எறங்குறதுக்கு முன்னாடி இப்படி வெயில மறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னீக’ என்று பெரியம்மா தன் கையை நெற்றியில் வைத்துக் காட்டினாள். ‘எனக்கு அங்குட்டுருந்து நல்லாத் தெரிஞ்சுச்சு.’

‘ஆமா, கண்ணு கூசுச்சுல்ல...’ என்று அவரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பாதியில் நின்றது.

காலை நேரத்தில் மேற்கே திரும்பிப் பார்க்கிறவனுக்குக் கண் கூசாது. அவர் அப்பா நின்றது அவருக்குப் பின்னால், மேற்கே. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிழக்கே. யாரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. அவரே நின்று யோசித்தார். கை நெற்றிக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது.

‘அப்பா பின்னாடில்ல நின்னாரு’ என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

‘ஒங்க அப்பாவும் வீசுனாரு தம்பி’ என்றாள் பெரியம்மா. ‘இல்லைன்னு சொல்லல. நீங்கள்லாம் நடுக் கம்மாய்க்குப் போனப்புறம் வீசுனாரு. நான் பாத்தேன்.’

சிரிப்பு வெடிக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பிறகு, ‘அந்த வருசம் எங்க அப்பா மீனு தின்னல’ என்றார். ‘ஆத்தா வறுத்து வச்சுச்சு. தட்டத் தள்ளிவிட்டுட்டாரு. ஏன்னு எங்களுக்குத் தெரியல.’ அவ்வளவுதான். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. அவர் போன பிறகுதான் மண்டபம் பேச ஆரம்பித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரி எழுந்து, அன்றைக்கு எத்தனை விரால் யார் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது அடைத்து, கால் தரையில் படவில்லை.

தொகுப்பாளர் என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டார்.

‘இதையே போடுறேன்’ என்றார்.

‘ஒரு சொட்டு கண்ணீர்?’

‘வேணாம்.’

புத்தகம் வந்தது. பெரியம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். பக்கத்தைத் திறந்து அவள் வருகிற வரியைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த இடத்தில் தீக்குச்சியை வைத்து மூடிக்கொண்டாள். ஊரில் இரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்து உலாவுகிறது என்று கேள்விப்பட்டேன். எங்கள் தெருவுக்கு யாரும் வந்து சத்தம் போடவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா பெரியம்மாவிடம், ‘நீதானா அது’ என்று மட்டும் கேட்டாளாம். ‘நாந்தான்’ என்றாளாம் இவள்.

இந்தக் கோடையில் மீன்பிடிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புப் போட்டார்கள். இந்த வருஷத்திலிருந்து துண்டு வீசுவது கிடையாது, கண்மாயில் இறங்கும் நேரம் மைக்கில் சொல்லப்படும் என்று. பெரியம்மா அன்றைக்கே எனக்குப் போன் பண்ணினாள். அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து பேசினேன்.

‘மைக்காம்டி’ என்றாள். ‘யாரு கையில இருக்குமாம்?’

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

‘விசாரிச்சுச் சொல்லு’ என்று வைத்துவிட்டாள்.